பர்மாவில் வண்டி எந்தப் பக்கம்

வெள்ளிக்கிழமை மூன்றரை மணி டீக்குச் சங்கு ஊதினால் சாலமோன் கிளாசைத் தொடமாட்டார். ஐம்பத்தெட்டு வயதில் பரீட்சைக்குப் போகிற ஆளுக்கு டீ எங்கே ருசிக்கும்? மூன்றாம் வகுப்பில் வாத்தியார் பிரம்புக்குப் பயந்து ஓடியவரை ஐம்பது வருஷம் கழித்துத் தேடிப் பிடித்து, கேன்டீன் பெஞ்சில் உட்கார வைத்துக் கையில் பேனாவையும் கொடுத்துவிட்டார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற கம்பெனி அது. உலகத்தில் எந்த மூலையில் எந்த வண்டி செத்தாலும் அதன் எலும்பு கன்டெய்னரில் ஏறி இங்கே வந்து சேரும். அதை இறக்கி, தரம் பிரித்து, வெட்டிக் கொடுக்க ஐந்து கேங். கேங்குக்கு நான்கு பேர். மூன்றாம் கேங்குக்குத் தலைவர் சாலமோன். எல்லாரும் கான்ட்ராக்ட் ஆட்கள்தான். தலைவர் என்றால் கூடுதலாக ஒரு மஞ்சள் தொப்பி, அவ்வளவுதான்.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஆபீசுக்கு ஏஞ்சல் என்று ஒரு மேடம் புதிதாக வந்தாள். நல்ல பெண்தான், யாரையும் வாடா போடா என்று பேசாது. வந்த வேகத்தில் தொழிலாளிகளுக்கு உற்சாகம் போதவில்லை என்று கண்டுபிடித்தது. அதற்கு மருந்தாக வாரா வாரம் பொது அறிவுப் போட்டி. எந்த நாட்டுக்கு எது தலைநகர், எந்த மிருகம் நின்றுகொண்டே தூங்கும், இப்படிப் பத்துக் கேள்வி. கேங்குக்கு ஒரு சீட்டு, ஒரு பதில், தலைவர் கையெழுத்து. தொழிலாளிகளின் போன்கள் எல்லாம் காலையிலேயே கேட்டில் பெட்டிக்குள் போய்விடுவதால் யாரும் பார்த்து எழுத வழியில்லை.

ஜெயிக்கிற கேங்குக்குப் பரிசு, அந்த வார ஞாயிற்றுக்கிழமை லீவு.

அந்த அறிவிப்பைக் கேட்டு மற்றவர்கள் கை தட்டியபோது சாலமோன் தட்டவில்லை. வாரத்தில் ஒரு நாள் லீவு முன்பும் உண்டு. அது செவ்வாயாகவோ புதனாகவோ இருக்கும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை முறை வைத்து ஒவ்வொரு கேங்குக்கும் ஞாயிறு வரும். யாரும் கேட்க வேண்டாம், எழுத வேண்டாம், தானாக வரும். இப்போது அந்த முறையைத் தூக்கிவிட்டு அதே ஞாயிற்றைக் கலர் காகிதம் சுற்றிப் பரிசு என்கிறார்கள். நம் வீட்டுச் சோற்றையே நம் இலையில் வைத்து விருந்து என்றால் கை தட்ட வேண்டுமா? யாராவது சிரித்துக்கொண்டே ஒன்றைக் கொடுத்தால் சாலமோன் முதலில் தன் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார். அவர் சுபாவம் அது.

இந்த வாரம் அவர் டீ வரிசைக்கே போகவில்லை. வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, பொன்னேரியில், மகள் மெர்சியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். மூன்று மாதத்துக்கு முன்பே குறித்த தேதி. மெர்சி போன் பண்ணி, "உனக்கு எந்த ஞாயித்துக்கெழம லீவுப்பா?" என்று கேட்டு, பழைய முறைக் கணக்குப்படி அவர் விரல் விட்டுச் சொன்ன நாளில்தான் சர்ச் ஐயரிடம் தேதி வாங்கினாள். குழந்தை பிறந்து மெர்சியைப் பொன்னேரி மாமனார் வீட்டுக்கு அழைத்துப் போனபோதும் சாலமோன் போகவில்லை, வேலை. அப்போது மெர்சியின் மாமனார் பீட்டர் எல்லார் நடுவிலும் கேட்டாராம், "உங்கப்பா இன்னா, கப்பல்ல போயிட்டாரா?" மெர்சி அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

லீவு போட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை வராத கான்ட்ராக்ட் ஆளுக்குத் திங்கட்கிழமை கேட்டில் மெஷின் முகத்தைப் பார்த்துப் பச்சை விளக்கு எரிக்காது. ஐம்பத்தெட்டு வயதுக்காரனைச் சிப்காட்டில் வேறு எந்த கேட்டும் உள்ளே விடாது. அது அவருக்கும் தெரியும், மெஷினுக்கும் தெரியும்.

"இன்னா பெரியவரே, இன்னிக்கு எந்த நாட்டு ஆயில மோந்து பாத்துட்டு வந்துகீறீங்க?" என்றான் அன்புராஜ். ஒன்றாம் கேங் தலைவன். ஏழு வாரத்தில் மூன்று ஞாயிறு அவன் வீட்டுக்குப் போயிருந்தது.

"உங்க ஊட்டு ஆயிலுதான். கெட்டுப்போன வாசன," என்றார் சாலமோன்.

அவன் சொன்னதிலும் விஷயம் இருந்தது. மூன்றாம் கேங் பத்துக்கு நாலோ ஐந்தோ வாங்குவதே சாலமோனின் கையால்தான். உலகத்தை அவர் படமாகப் பார்த்ததில்லை. இரும்பாகத்தான் பார்த்திருக்கிறார். ஜெர்மனி இரும்பு துருப்பிடிக்காது. துபாய் இரும்பைக் கவிழ்த்தால் மணல் கொட்டும். இங்கிலாந்து வண்டிக்கு நம்மைப் போல ஸ்டீயரிங் வலது பக்கம், அமெரிக்காவுக்கு இடது பக்கம். ஊரார் சொல்வதையும் பேப்பரில் போடுவதையும் அவர் நம்பமாட்டார். கையால் தொட்டதை மட்டும் நம்புவார். இரும்பு பொய் சொல்லாது என்பார். அவருக்கு வேதத்துக்கு அடுத்தது அது.

பெஞ்சில் அவருக்கு ஒரு பக்கம் சடையப்பன், இரும்பை அறுக்கும் கேஸ் கட்டர் பிடிக்கிறவர், பள்ளிப்பட்டுக்காரர். ஊரில் ஒன்றரை ஏக்கர் நெல் வைத்துக்கொண்டு இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். இன்னொரு பக்கம் ஈஸ்வரி, இரும்பு பிரிக்கிற பெண். நாலாவது ஆளுக்கு அன்று செவ்வாயும் இல்லாமல் ஞாயிறும் இல்லாமல் வெள்ளிக்கிழமையில் லீவு விழுந்திருந்தது.

ஏஞ்சல் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். "எந்தக் கண்டத்துல எறும்பே கிடையாது?"

"எறும்பு இல்லாத ஊருன்னா சக்கர டப்பாவ தொறந்தே வெக்கலாம் நைனா," என்றார் சடையப்பன். "பனியாதான் இருக்கும். நம்ம ஐஸ் பேக்டரியில நான் ஒரு எறும்பும் பாத்ததில்ல." அன்டார்டிகா என்று எழுதினார்கள். சரியாகப் போனது.

நான்கு மூலை இல்லாத கொடி எந்த நாட்டுக்கு? நேபாளம். சடையப்பன் ரூமுக்குப் பக்கத்து ரூம் வாட்ச்மேன் அதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். நடுவில் ஓட்டை போட்ட காசு புழங்கும் ஆசிய நாடு? சாலமோன் யோசிக்கவே இல்லை. ஜப்பான் கார் சீட்டுக்கு அடியிலிருந்து எத்தனை ஓட்டைக் காசு பொறுக்கி செக்யூரிட்டியிடம் கொடுத்திருக்கிறார். செக்யூரிட்டி அதை என்ன செய்தான் என்பது வேறு கதை.

ஆக்டோபசுக்கு எத்தனை இதயம் என்றபோது ஈஸ்வரி, "மூணுன்னு எழுதுங்கண்ணா, சும்மா," என்றாள். சும்மா எழுதியது சரியாகிவிட்டது. சாலமோனுக்குச் சந்தோஷத்தை விடச் சந்தேகம்தான் வந்தது. இதுவரை வராத அதிர்ஷ்டம் இன்றைக்கு ஏன் வருகிறது?

பத்துக் கேள்வி முடிந்தது. மூன்றாம் கேங் ஏழு. ஒன்றாம் கேங்கும் ஏழு. மற்ற மூன்று கேங்கும் டீ கிளாசைக் கழுவப் போய்விட்டார்கள்.

"சமம். அதனால ஒரே ஒரு கேள்வி," என்றாள் ஏஞ்சல். "பர்மா, இப்ப மியான்மர்னு சொல்றோம். அந்த நாட்டுல வண்டிங்க ரோட்டுல எந்தப் பக்கமா ஓடும்? இடது பக்கமா, வலது பக்கமா?"

சாலமோன் நிமிர்ந்து உட்கார்ந்தார். உலகத்தில் எத்தனையோ நாடு இருக்க, போன மாதம் முழுக்க வெட்டிக்கொண்டிருந்த நாட்டையே கேட்கிறாள். பர்மா லோடு யார்டில் இன்னும் பாதி கிடக்கிறது. முன்பக்கம் மட்டும் வெட்டி அனுப்பிய கார்கள் ஏழெட்டு. ஒன்று விடாமல் ஸ்டீயரிங் வலது பக்கம். அதில் ஒன்றைத் தன் கையால் சுற்றிப் பார்த்தார். ஸ்டீயரிங் வலது பக்கம் இருந்தால் வண்டி இடது பக்கம் போகும், நம் ஊர் போல, இங்கிலாந்து போல, ஜப்பான் போல. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பொன்னேரி வேதக்கோயில் வாசலில், வெள்ளைச் சட்டை போட்டு, மெர்சிக்குப் பக்கத்தில் தான் நிற்பது அவருக்குத் தெரிந்தது.

பேனாவை எடுத்தார்.

"வலது பக்கம்ணா," என்றாள் ஈஸ்வரி மெதுவாக.

"இன்னாது?"

"பர்மாவுல வலது பக்கம்தான் போவும். எங்கம்மா பொறந்த ஊரு அது. சின்னப் பொண்ணா கப்பல்ல வந்திச்சு. எங்க பெரிய மாமா மட்டும் அங்கியே நின்னுட்டாரு. அவரு கடுதாசி போடுவாரு. ஒரு நாளு கவருமெண்டு திடீர்னு எல்லாரும் பக்கம் மாறுங்கன்னு சொல்லிடுச்சாம். மாட்டுவண்டி கூட மாறிச்சுன்னு எழுதியிருந்தாரு. அம்மா அத்த சொல்லிச் சொல்லி சிரிக்கும்."

"எப்ப?"

"எழுபதுலன்னு நெனக்கிறேன். நான் பொறக்கறதுக்கு முன்ன."

"நீ பொறக்கறதுக்கு முன்ன வந்த கடுதாசி," என்றார் சாலமோன். "நான் போன மாசம் ஸ்டீயரிங்க கையில புடிச்சேன்மா. வலது பக்கம் கீது. நீயும்தானே பாத்த?"

"பாத்தேன். ஆனா மாமா..."

"கடுதாசியில இன்னா வேணா எழுதலாம். எங்க சித்தப்பா பம்பாய்லேந்து பெரிய வேலையில கீறேன்னு எழுதினாரு. போய்ப் பாத்தா ஓட்டல்ல கிளாஸ் கழுவிக்கினு இருந்தாரு."

சடையப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நைனா, அந்தம்மாவோட சொந்த ஊரு மாதிரி. கொஞ்சம் யோசன பண்ணு."

"ஞானஸ்நானம் யாரு பேத்திக்கு?" என்று கேட்டார் சாலமோன். ஈஸ்வரி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். இடது என்று எழுதி, கீழே சாலமோன் என்று ஒவ்வொரு எழுத்தாக வரைந்து, சீட்டை நான்காக மடித்துக் கொடுத்தார்.

எதிர்ப் பெஞ்சில் அன்புராஜ் ஒரு ரூபாய்க் காசைச் சுண்டி, உள்ளங்கையில் பிடித்து, தன் ஆட்களிடம் காட்டிக்கொண்டிருந்தான்.

ஏஞ்சல் இரண்டு சீட்டையும் பிரித்தாள். போனைப் பார்த்தாள். "மூணாவது கேங், இடது. ஒண்ணாவது கேங், வலது. சரியான பதில் வலது. வாழ்த்துகள் அன்புராஜ்."

சாலமோன் எழுந்து நின்றார். "மேடம், அது தப்புங்க. யார்டுக்கு வாங்க, நான் காட்டறேன். ஸ்டீயரிங்கு வலது பக்கம் கீதுங்க."

"ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கலாம் அங்கிள். வண்டி போறதும் வலது பக்கம்தான். இதுல போட்டிருக்கு பாருங்க." போனை அவர் பக்கம் திருப்பினாள். இங்கிலீஷில் என்னவோ இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. போனில் இருப்பது அவருக்குப் பம்பாய்ச் சித்தப்பா கடுதாசிக்குத் தம்பி.

"பெரியவருக்கு ஞாயித்துக்கெழம பேத்தி ஞானஸ்நானம்மா," என்றார் சடையப்பன். "அன்புராஜு, உனக்கு இன்னாடா வேல அன்னிக்கு? மாத்திக்கோயேன்."

"துணி தொவைக்கணும். தூங்கணும்," என்றான் அன்புராஜ். பிறகு சாலமோன் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல. மேடம் சரின்னா மாத்திக்கலாம்," என்றான். கெட்டவனில்லை. காசு சுண்டத் தெரிந்தவன், அவ்வளவுதான்.

ஏஞ்சலுக்கு முகம் சுருங்கியது. "ரிசல்ட் சொன்ன உடனே போன்லயே லிஸ்ட கேட்டுக்கு அனுப்பிட்டேன் அங்கிள். மெஷின்ல ஏத்திட்டாங்க. முன்னாடியே சொல்லியிருக்கலாமே. அடுத்த வாரம் நல்லா பண்ணுங்க."

முன்னாடியே யாரிடம் சொல்வது? ஜெயித்தால் கேட்க வேண்டியதில்லை என்று இருந்தார். கேட்பது அவருக்கு வராது.

வீட்டில் மனைவி கிரேசிடம் சொன்னபோது அவள் இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "பர்மாவுல வண்டி எந்தப் பக்கம் போனா நமக்கின்னா?" என்று மட்டும் கேட்டாள். நியாயமான கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலை மீஞ்சூரில் ரயில் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை ரயில் காலியாக இருக்கும், உட்கார்ந்தால் தூக்கம் வரும். பொன்னேரியில் ரயில் நின்றபோது கண்ணைத் திறக்கவில்லை. பூக்கூடையோடு ஒரு பெண் ஏறினாள். மல்லிகை வாசனை வந்தது. கும்மிடிப்பூண்டி வரை அந்த வாசனை அவரை விடவில்லை.

அன்று மேஸ்திரி மூன்றாம் கேங்குக்கு யார்டில் மிச்சம் கிடந்த பர்மா லோடையே கொடுத்தார். வேண்டுமென்று கொடுக்கவில்லை, வரிசைப்படி வந்தது. சாலமோன் அந்தக் கார்களின் பக்கம் போகவில்லை. பின்னால் மடங்கிக் கிடந்த பஸ் தகட்டைக் கிரேன் தூக்கி நிமிர்த்திப் போட்டது. இரண்டு பக்கத் தகடும் கூரையோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதில் சாக்பீசால் வெட்டுக்கோடு போட்டது சாலமோன்தான், மூன்று வாரத்துக்கு முன்னால்.

சடையப்பன் கட்டரைப் பற்றவைத்துவிட்டு நிறுத்தினார். "இந்த எடத்துல பிளேட்டு மேல பிளேட்டு வெச்சு வெல்டு அடிச்சுகீறான். கேஸ் ரெண்டு பங்கு குடிக்கும். இன்னாத்துக்கு அடச்சான்?"

சாலமோன் குனிந்து பார்த்தார். பஸ்ஸின் இடது பக்கத்தில் வாசல் இருந்த இடம். ஏறுகிற படியின் தழும்புகூட இருந்தது. அதை முழுசாகத் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் போனார். வலது பக்கத்தில் வேறு ஒரு வாசல், கம்பெனியில் வைத்த வாசல் இல்லை. யாரோ பட்டறையில் கட்டரால் அறுத்து, விளிம்பைச் சுத்தியால் மடித்து, கைப்பிடிக்கு ஒரு தண்ணீர்க் குழாயைப் பற்றவைத்திருந்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் இதைத் தொட்டபோது, எந்தப் பைத்தியக்காரன் நல்ல வாசலை அடைத்துவிட்டு மறுபக்கம் ஓட்டை போட்டான் என்று நினைத்ததும் ஞாபகம் வந்தது. நினைத்துவிட்டு மேலேயே கோடு போட்டுப் போய்விட்டார்.

குழாய்க் கைப்பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனை கை பிடித்து ஏறியதோ.

ஈஸ்வரி கையுறையைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். "ஜப்பான்ல ஓட்டி முடிச்சத வாங்கியாந்து ஓட்டறாங்கண்ணா. அதான் ஸ்டீயரிங்கு அப்படியே கீது. வாசல அப்படியே உட முடியுமா? வலது பக்கம் போற பஸ்ஸுல எடது பக்கம் எறங்கினா நடு ரோட்டுல இல்ல நிக்கணும்?"

சாலமோன் அந்தக் குழாய்க் கைப்பிடியை ஒருமுறை பிடித்துப் பார்த்தார். வெயில் தகட்டில் ஏறி முகத்தில் அடித்தது. மணி ஒன்பதரை இருக்கும். பொன்னேரியில் இந்நேரம் குழந்தை தலையில் தண்ணீர் தெளித்திருப்பார்கள்.

"இரும்பு பொய் சொல்லல," என்றார்.

"கடுதாசியும் பொய் சொல்லலண்ணா," என்றாள் ஈஸ்வரி. அதில் குத்தல் எதுவும் இல்லை. களைப்புத்தான் இருந்தது. அவளுக்கும் அன்று ஞாயிறு போனது. அவளும் ஐந்தரை மணிக்கு எழுந்து வந்தவள். தனக்கு வீட்டில் என்ன இருந்தது என்று அவள் சொல்லவில்லை, அவர் வெள்ளிக்கிழமை கேட்கவும் இல்லை.

"வர்ற வெள்ளிக்கெழம நீ கையெழுத்து போடு."

"எனக்கு பர்மா ஒண்ணுதாண்ணா தெரியும். வேற எதுனா கேட்டா இன்னா பண்றது?"

சடையப்பன் மூக்கால் சிரித்தார். சாலமோன் பழைய சாக்பீஸ் கோட்டைக் காலால் அழித்துவிட்டு, வெல்டுக்கு ஒரு சாண் தள்ளிப் புதுக்கோடு போட்டார். கட்டர் சீறியது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரண்டு மணிக்கே விட்டார்கள். பொன்னேரியில் இறங்கி, கேட்டுக் கேட்டுச் சம்பந்தி வீட்டுக்குப் போனபோது மூன்றே காலாகிவிட்டது. தெருவில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரியாணி அண்டாவைக் குழாயடியில் சாய்த்து வைத்து ஒருத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் வேட்டியும் பனியனுமாகப் பீட்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சம்பந்தி. கப்பல் இப்பதான் கரையேறுச்சா?"

"ஆமாங்க. பர்மாலேந்து வருது," என்றார் சாலமோன்.

பீட்டர் அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, உள்ளே பார்த்து, "இவருக்கு ஒரு பிளேட்டு போடுங்க, பீசு கீதான்னு பாருங்க," என்று குரல் கொடுத்தார். பீஸ் இல்லை. குஸ்கா இருந்தது, ஆறிப்போய். சாலமோன் அதை நின்றபடியே சாப்பிட்டார்.

கிரேஸ் வந்து பக்கத்தில் நின்றாள். "போட்டோவுல உனக்கு எடம் உட்டுத்தான் நின்னோம். நடுவுல சம்பந்தியோட மச்சான் வந்து நின்னுட்டாரு. எல்லாப் போட்டோலயும் அந்த ஆளுதான்."

"நல்லா நின்னாரா?"

"பல்ல காட்டிக்கினு நின்னாரு."

மெர்சி குழந்தையை எடுத்து வந்தாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, தூக்கம். சாலமோன் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினார். உள்ளங்கை ரேகைக்குள் போன துரு வரவில்லை. அது ஒரு ஞாயிற்றில் போகிற துருவா? துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, புறங்கையால் குழந்தையின் காலைத் தொட்டார். பஞ்சு மாதிரி இருந்தது. வாங்கித் தூக்கவில்லை.

"தூக்குப்பா."

"சட்டைல கறை புடிச்சிக்கும். அவுங்க எதுனா சொல்லுவாங்க."

மெர்சி மாமனார் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, "வர்ற ஞாயித்துக்கெழம இவள தூக்கினு நம்ம ஊட்டுக்கே வரேன்பா. பழைய சட்ட போட்டுக் கொண்டாரேன். நாள் பூரா வெச்சிக்கோ. நீ இருப்ப இல்ல?" என்றாள்.

சாலமோன் மறுபடியும் புறங்கையால் குழந்தையின் காலைத் தொட்டார்.

"எந்த நாட்ட கேக்கறாங்கன்னு பாக்கணும்மா," என்றார்.